மயக்கம் தெளிய மருந்து உண்டா?

அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுக்கும்போது உடலுக்குள் போவது ஒரே ஒரு மருந்து அல்ல. நினைவை இழக்கச் செய்ய ஒன்று, வலியை அடக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று, பதற்றத்தைத் தணித்து நடப்பதை மனதில் பதியவிடாமல் செய்ய ஒன்று என நான்கைந்து மருந்துகள் சேர்ந்துதான் வெளியில் ‘மயக்கம்’ என்று சொல்லப்படும் நிலையை உண்டாக்குகின்றன. ஆகவே அதைத் தெளியவைப்பதும் ஒரே ஊசியில் முடிகிற காரியம் அல்ல. ஒவ்வொரு வகை மருந்துக்கும் தனித்தனி முறிமருந்து வேண்டும். தசைத் தளர்த்திகளுக்கு நல்ல முறிமருந்துகள் உள்ளன. மார்ஃபின் வகை வலி மருந்துகளுக்கும், மிடாசோலம் போன்ற பதற்றத் தணிப்பு மருந்துகளுக்கும் உள்ளன. நினைவிழக்கச் செய்யும் புரோபோஃபால் ஊசிக்கும் செவோஃபுளூரேன் போன்ற வாயுக்களுக்கும்தான் இன்றுவரை அப்படி ஒன்று புழக்கத்துக்கு வரவில்லை. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டியபோது அந்த நோயாளி எப்படிக் கண்விழித்தாரோ, ஏறத்தாழ அப்படித்தான் இன்றைய நோயாளியும் விழிக்கிறார். மருந்து தானாக மூளையை விட்டு விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரம் மிகவும் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம். புரோபோஃபால் ஒரு முறை செலுத்தப்பட்டால் சில நிமிடங்களில் நினைவு திரும்பிவிடும். கல்லீரல் அதைச் சிதைப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. அதற்கு முன்பே மருந்து மூளையிலிருந்து தசைகளுக்கும் கொழுப்புக்கும் பரவிப்போவதால் விழிப்பு வந்துவிடுகிறது. பல மணி நேரம் தொடர்ந்து செலுத்தினால் அந்தக் கிடங்குகள் நிரம்பி, விழிப்பு தாமதமாகும். வாயுக்கள் நுரையீரல் வழியாக, வந்த வழியே வெளியேறுகின்றன. ஹாலோதேன் இரத்தத்தில் நன்றாகக் கரையும், அதனால் மெதுவாகத்தான் வெளியேறும். பின்னால் வந்த செவோஃபுளூரேனும் டெஸ்ஃபுளூரேனும் குறைவாகவே கரைவதால் சீக்கிரம் மூச்சோடு போய்விடுகின்றன. தோலில் தையல் போடத் தொடங்கும்போதே மயக்க மருத்துவர் வாயுவின் அளவைக் குறைக்கத் தொடங்குவார். கடைசித் தையலுக்கும் நோயாளியின் கண்விழிப்புக்கும் இடையே அதிக நேரம் போகாமல் பார்த்துக்கொள்வது அனுபவத்தால் வரும் கணக்கு.

முறிமருந்துகளின் கதை தசைத் தளர்த்திகளில்தான் தொடங்குகிறது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் தசைகள் இறுகியிருந்தால் அறுவை மருத்துவரால் உள்ளே கை வைக்க முடியாது. ஈதர் மட்டும் இருந்த காலத்தில், தசை தளரும்வரை மயக்கத்தை ஆழமாக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அது பலருக்கு உயிராபத்தாக முடிந்தது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்குக் குராரே என்ற பொருளை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவி வேட்டையாடப் பயன்படுத்திய நஞ்சு அது. லேசான மயக்கத்திலேயே தசைகள் தளர்ந்தன. அறுவை சிகிச்சையின் போக்கே அன்றிலிருந்து மாறியது.

குராரேக்கு ஒரு சிக்கல் உண்டு. அது மூச்சு விடும் தசைகளையும் சேர்த்தே தளர்த்தும். அறுவை முடிந்து, நினைவும் திரும்பி, மூச்சு மட்டும் சரியாக வராத நிலையைக் கற்பனை செய்தால் ஆபத்து புரியும். 1954இல் அமெரிக்காவின் ஹென்றி பீச்சரும் டொனால்ட் டாடும் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு எண் வடிவம் கொடுத்தது. 10 மருத்துவமனைகளில் 5 ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட 5,99,548 மயக்கங்களை அவர்கள் அலசினார்கள். தசைத் தளர்த்தி கொடுக்கப்பட்டவர்களில் மயக்கத்தால் நேர்ந்த இறப்பு, கொடுக்கப்படாதவர்களைக் காட்டிலும் சுமார் 6 மடங்கு இருந்தது. மருந்தே நஞ்சா, மருந்து விலகாத நோயாளியைக் கவனிக்காமல் விட்டது காரணமா என்று பெரும் விவாதம் எழுந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டாவதன் பக்கமே சாய்ந்தார்கள். தளர்த்தியை முறிக்காமல் நோயாளியை வார்டுக்கு அனுப்பியதுதான் பல இறப்புகளுக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

முறிக்கும் வழி அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள கலாபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஒரு காட்டுக்கொடியின் விதையைத் தின்னக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வாந்தி எடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, இறந்தவர் குற்றவாளி. அந்த விதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தது. எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855இல் அதைத் தானே தின்று பார்த்தார். உடல் துவளத் தொடங்கியதும், சவரம் செய்த அழுக்குத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். விதையிலிருந்து 1864இல் பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்கு ஃபைசோஸ்டிக்மின் என்று பெயர் வந்தது. 1900இல் வியன்னாவைச் சேர்ந்த யாக்கோப் பால், குராரேயால் செயலிழந்த விலங்குக்கு ஃபைசோஸ்டிக்மின் கொடுத்தால் மூச்சுத் தசைகள் மீண்டும் இயங்குவதைக் கண்டார். ஆனால் குராரே அறுவை அரங்குக்கே வராத காலம் அது. நோய் வருவதற்கு முன்பே மருந்து வந்துவிட்ட கதை. 1931இல் அதைப் பின்பற்றிச் செயற்கையாக நியோஸ்டிக்மின் உருவாக்கப்பட்டது. இன்றும் உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் முறிமருந்துகளில் அது ஒன்று.

நியோஸ்டிக்மின் தசைத் தளர்த்தியைத் தொடுவதே இல்லை. நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராக்குரியம் போன்ற தளர்த்திகள் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அசிட்டைல்கோலினுக்கு இடம் தராமல் தடுக்கின்றன. இயல்பாக, சுரந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். நியோஸ்டிக்மின் அந்த நொதியை முடக்குகிறது. சிதையாத அசிட்டைல்கோலின் குவிந்து, எண்ணிக்கை பலத்தால் தளர்த்தியை ஏற்பிகளிலிருந்து வெளியே தள்ளுகிறது.

இதில் இரண்டு குறைகள் உண்டு. தளர்த்தி மிக அதிகமாக இருக்கும்போது, நொதி முழுவதும் முடங்கியபின் எவ்வளவு நியோஸ்டிக்மின் கொடுத்தாலும் கூடுதல் பயன் இல்லை. அதனால் தளர்த்தி ஓரளவு தானாக விலகத் தொடங்கிய பிறகே அதைக் கொடுக்க முடியும், கொடுத்த பிறகும் முழு விளைவுக்குச் சுமார் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, அசிட்டைல்கோலின் தசையில் மட்டும் குவிவதில்லை. இதயத் துடிப்பு குறையும், எச்சில் பெருகும், மூச்சுக்குழாய் சுருங்கும். இதைத் தடுக்க அட்ரோபினையோ கிளைக்கோபைரோலேட்டையோ கூடவே கொடுக்க வேண்டும். இந்தியாவில் நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் கலந்த ஆம்பூலே கிடைக்கிறது. அறுவை முடியும் தறுவாயில் ‘ரிவர்சல்’ என்று அரங்குக்குள் கேட்கும் சொல் பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான் குறிக்கும்.

முறிந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலை. தலையை 5 விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்வது, கையை இறுகப் பற்றச் சொல்வது ஆகியவை பழைய சோதனைகள். இவற்றில் தேறிய நோயாளிக்கும் தொண்டைத் தசைகள் முழு வலுப்பெறாமல் இருக்கலாம். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து அதில் ஒளிந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்திலிருந்து மணிக்கட்டில் உள்ள நரம்பை 2 விநாடிக்குள் 4 முறை மின்சாரத்தால் தூண்டி, கட்டைவிரலின் அசைவை அளக்கும் முறை பரவியது. நான்காவது அசைவு முதல் அசைவில் 10இல் 9 பங்காவது இருந்தால்தான், மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகிய குழாயை எடுப்பது பாதுகாப்பு என்பது இன்றைய விதி. முன்பு 10இல் 7 பங்கே போதும் என்று வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டை உணர முடியாது என்பதால், அளந்து எண்ணாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தும்படி அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023இல் வழிகாட்டியது. கருவி சின்னது, செலவும் பெரிதல்ல. இருந்தும் பல அரங்குகளில் அது அலமாரியிலேயே இருக்கிறது. புதிய மருந்துகளைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இந்தக் கருவியைப் பற்றிப் பேசப்படாதது வியப்புதான்.

சுகமாடெக்ஸ் என்ற மருந்து இந்தத் துறையில் நடந்த உண்மையான பாய்ச்சல். ஸ்காட்லாந்தின் நியூஹவுஸ் ஊரில் இருந்த ஆர்கனான் நிறுவன ஆய்வகத்தில் ஆன்டன் போம் என்ற வேதியியலாளர், ரோக்குரோனியத்தைக் கரைப்பதற்கு ஏற்ற பொருளாகச் சைக்ளோடெக்ஸ்ட்ரின்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரை வளையங்கள் அவை. நடுவில் குழி உள்ள உளுந்து வடை போன்ற அமைப்பு. 8 குளுக்கோஸ் மூலக்கூறுகள் கொண்ட வளையத்தின் குழிக்குள் ரோக்குரோனியம் ஏறக்குறையப் பொருந்தி உட்கார்ந்தது. கரைப்பதற்குத் தேடிய பொருளே முறிப்பதற்கும் உதவும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. குழியை ஆழமாக்க விளிம்பில் பக்கச் சங்கிலிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் முனைகளில் உள்ள எதிர்மின் ஏற்றம், ரோக்குரோனியத்தில் உள்ள நேர்மின் ஏற்றத்தை இழுத்துப் பிடித்தது. ஒரு மூலக்கூறு சுகமாடெக்ஸ் ஒரு மூலக்கூறு ரோக்குரோனியத்தை இரத்தத்திலேயே சிறைப்பிடிக்கும். இரத்தத்தில் தளர்த்தி குறைந்ததும், ஏற்பிகளில் ஒட்டியிருப்பதும் விலகி இரத்தத்துக்கு வந்து அகப்படும். இரண்டும் சேர்ந்து சிறுநீரில் போய்விடும்.

இதன் பயன் வேகத்தில் தெரிகிறது. சாதாரண நிலையில் உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி., ஆழமான தளர்ச்சிக்கு 4 மி.கி. கொடுத்தால் சில நிமிடங்களில் தசை வலு திரும்புகிறது. மூச்சுக்கான குழாயைச் செருக முடியாமல், முகமூடி வழியாகவும் காற்றுத் தர முடியாமல் போகும் அவசரத்தில் கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்து, சற்று முன் செலுத்திய முழு அளவையும் முறிக்கலாம். நியோஸ்டிக்மினால் இது ஒருபோதும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வாமை பற்றிய கவலையால் மறுத்து, கூடுதல் ஆய்வுகளுக்குப் பிறகு 2015 டிசம்பரில்தான் அனுமதித்தது. அந்தக் கவலை பொய்யல்ல. கடுமையான ஒவ்வாமை அரிதாக ஏற்படுகிறது, சிலருக்கு இதயத் துடிப்பு திடீரெனக் குறைகிறது. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. தளர்த்திகளில் ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையுமே இது முக்கியமாகப் பிடிக்கும். அட்ராக்குரியம், சக்சினைல்கோலின் ஆகியவற்றின் வடிவம் வேறு என்பதால் குழிக்குள் அகப்படாது. கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும் என்பதால், சுகமாடெக்ஸ் பெற்ற பெண்கள் அடுத்த 7 நாட்களுக்கு வேறு தடுப்பு முறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மயக்கத்திலிருந்து எழுந்தவரிடம் இதைச் சொல்ல அவசர உலகில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தசைக்கு அடுத்தது மூச்சு. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓப்பியாய்டு மருந்துகள் வலியை அடக்குவதோடு மூளையில் மூச்சை நடத்தும் மையத்தையும் மந்தமாக்கும். அளவு மிஞ்சினால் நோயாளி மூச்சுவிட மறந்தவர் போலக் கிடப்பார். இதற்கு நாலாக்சோன் முறிமருந்து. ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த மருந்தை அமெரிக்கா 1971இல் ஏற்றது. ஓப்பியாய்டு ஒட்டும் ஏற்பியில் இது இன்னும் உறுதியாக ஒட்டிக்கொண்டு, தான் எந்த விளைவும் காட்டாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நிமிடங்களில் மூச்சு திரும்பும். வலியும் உடன் திரும்பும். அறுவை முடிந்த உடம்பில் முழு அளவை ஒரேயடியாகச் செலுத்தினால் கடும் வலி, எகிறும் இரத்த அழுத்தம், சிலருக்கு நுரையீரலில் நீர்கோத்தல் வரை போகலாம். ஆகவே மயக்க மருத்துவர்கள் மிகச் சிறு அளவுகளில், மூச்சு சீராகும்வரை மட்டும் ஏற்றிப் பார்ப்பார்கள்.

நாலாக்சோனின் விளைவு ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம் உடலில் இருக்கும். முறிமருந்து விலகிய பிறகு, முறிக்கப்பட்ட மருந்து மீண்டும் தலைதூக்கும். விழித்துப் பேசியவர் ஒரு மணி நேரம் கழித்து வார்டில் மறுபடியும் மூச்சடங்கிப் போவது இப்படித்தான். முறிமருந்து பெற்ற நோயாளியைப் பெறாதவரைக் காட்டிலும் அதிக நேரம் கண்காணிக்க வேண்டும் என்ற விதி, கேட்பவருக்கு முரணாகத் தோன்றினாலும் காரணம் இதுதான்.

மிடாசோலம் அடங்கிய பென்சோடயசபின் வகை மருந்துகளுக்கான முறிமருந்து ஃபுளூமசெனிலும் இதே சிக்கலைச் சுமக்கிறது. எண்டோஸ்கோபி போன்ற சிறு சிகிச்சைகளுக்கு மிடாசோலம் கொடுக்கப்பட்டு ஒருவர் அளவுக்கு மீறி உறங்கிவிட்டால், சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் கண்டுபிடித்த இந்த மருந்து ஓரிரு நிமிடங்களில் எழுப்பிவிடும். 1980களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது. இதன் விளைவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தூக்க மாத்திரைக்கு நெடுநாள் பழகியவர்களுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் இதைக் கொடுத்தால் வலிப்பு வரக்கூடும்.

ஃபுளூமசெனிலுக்கு ஒரு புதிய வாழ்வு கிடைத்திருக்கிறது. ரெமிமசோலம் என்ற மருந்து 2020இல் ஜப்பானில் முழு மயக்கத்துக்கும், அமெரிக்காவில் சிறு சிகிச்சைகளின்போது தரும் அரை மயக்கத்துக்கும் ஒப்புதல் பெற்றது. இதுவும் பென்சோடயசபின் குடும்பம். உடலில் உள்ள நொதிகள் இதை விரைவாகச் சிதைத்துவிடும், போதாதென்றால் ஃபுளூமசெனில் முறித்துவிடும். நினைவிழப்பையே ஊசி போட்டு நீக்க முடிகிற முழு மயக்கத்துக்கு இன்றைக்கு நடைமுறையில் மிக அருகில் இருப்பது இந்த ஜோடிதான். புரோபோஃபாலின் இடத்தை இது பிடிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் திசை மாறுகிறது என்பதற்கு இது அடையாளம்.

விலங்கு மருத்துவர்கள் இந்த விஷயத்தில் மனித மருத்துவர்களை எப்போதோ முந்திவிட்டார்கள். காட்டில் மயக்க ஊசி பட்ட யானையை நெடுநேரம் விழுந்தபடி விட முடியாது. தன் எடையே நெஞ்சை அழுத்தி மூச்சைத் திணறடிக்கும். தமிழ்நாடு உட்பட இந்தியாவில் ஊருக்குள் வரும் யானைகளைப் பிடிக்க சைலசின் அதிகம் பயன்படுகிறது. அளவு சரியாக இருந்தால் யானை நின்றபடியே அரை மயக்கத்தில் இருக்கும், கும்கிகள் அதை லாரியில் ஏற்றிவிடலாம். போய்ச் சேர்ந்ததும் காதின் இரத்தக் குழாயில் யோஹிம்பின் செலுத்தினால் தெளிந்துவிடும். ஆப்பிரிக்காவில் காண்டாமிருகத்தையும் யானையையும் வீழ்த்தும் எட்டார்ஃபின், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமை கொண்டது. டிப்ரினார்ஃபின் அதை முறிக்கும். நாய் பூனைகளுக்குத் தரப்படும் மெடிடோமிடினை முறிக்க அட்டிபமசோல் இருக்கிறது. மனிதர்களுக்கு ஐ.சி.யு.வில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற நெருங்கிய உறவு மருந்து தாராளமாகப் புழங்குகிறது, அதற்கான அட்டிபமசோல் மட்டும் மனித மருந்தாக அனுமதி பெறவில்லை.

மரத்துப்போகச் செய்யும் உள்ளூர் மயக்கத்துக்கும் ஒரு வகை முறிமருந்து உண்டு. பல் பிடுங்கிய பிறகு உதடும் நாக்கும் மணிக்கணக்கில் மரத்துக் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குழந்தைகள் வலி தெரியாமல் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். பல் மருத்துவர் தரும் ஊசியில் லிடோகைனுடன் அட்ரினலினும் கலந்திருக்கும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே தங்கவைக்கும். 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபென்டோலமின் ஊசி அந்தச் சுருக்கத்தை நீக்கி இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. லிடோகைன் சீக்கிரம் அடித்துச் செல்லப்படுகிறது. சோதனைகளில் கீழுதட்டின் உணர்வு 155 நிமிடங்களுக்குப் பதில் 70 நிமிடங்களில் திரும்பியது. இன்னொரு ஊசிக்குச் சம்மதிப்பார்களா என்பது குழந்தைகளைக் கேட்டால் தெரியும். உள்ளூர் மயக்க மருந்து தவறி இரத்தத்தில் அதிகம் கலந்து இதயம் நின்றுபோகும் விபத்துக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைகொடுக்கிறது. வாயால் உண்ண முடியாதவர்களுக்கு ஊட்டமாக ஏற்றப்படும் அதே கரைசல்தான். அமெரிக்காவின் கை வைன்பெர்க் 1998இல் எலிகளில் இதைக் காட்டினார். 2006இல் மனிதர் ஒருவர் இதனால் பிழைத்த செய்தி வெளியானது.

எஞ்சி நிற்பது மூளையின் மயக்கம். இதை முறிக்கும் முயற்சிக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. பார்பிச்சுரேட் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர்கள் மருத்துவமனைகளில் குவிந்த காலத்தில், நிக்கெதமைடு, பிக்ரோடாக்சின் போன்ற தூண்டி மருந்துகளைக் கொடுத்து எழுப்பப் பார்த்தார்கள். அவை மூளை முழுவதையும் கிளறிவிட்டன. வலிப்பு வந்தது, காய்ச்சல் ஏறியது, இதயத் துடிப்பு தடுமாறியது. 1940களின் இறுதியில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல் கிளெமெசன் குழுவினர் இந்த மருந்துகளை அடியோடு நிறுத்தினார்கள். மூச்சுப்பாதையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு, மருந்து தானாக விலகும்வரை பொறுத்திருந்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. எழுப்பும் மருந்துகளின் மீது மருத்துவ உலகுக்கு இருக்கும் தயக்கம் இந்தப் பாடத்திலிருந்து வந்தது.

மருந்தே இல்லாமல் மயக்கத்தை முறித்த ஒரு விசித்திரச் சோதனையும் உண்டு. 1950இல் ஃபிராங்க் ஜான்சனும் யூஜின் ஃபிளாக்லரும் ஆல்கஹாலில் மயங்கிய தலைப்பிரட்டைகளை, வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான நீரழுத்தத்தில் வைத்தார்கள். அவை மறுபடி நீந்தத் தொடங்கின. அழுத்தத்தை நீக்கியதும் மயங்கின. மயக்க மருந்து மூலக்கூறு அளவில் எங்கே என்ன செய்கிறது என்ற விவாதத்துக்குப் பல பத்தாண்டுகள் தீனி போட்ட சோதனை அது. நோயாளிக்கு ஆகாது.

இப்போதைய ஆய்வாளர்கள் வேறு வழியைப் பிடித்திருக்கிறார்கள். புரோபோஃபாலையும் வாயுக்களையும் ஏற்பிகளிலிருந்து பிடுங்க முயல்வதில்லை. அவை பல இடங்களில் மெல்ல ஒட்டுவதால் அப்படிப் பிடுங்குவது கடினம். அதற்குப் பதிலாக, மூளையில் விழிப்பை நடத்தும் சுற்றுகளைத் தூண்டிப் பார்க்கிறார்கள். கலாபார் விதையின் ஃபைசோஸ்டிக்மின் இங்கேயும் தலைகாட்டுகிறது. நியோஸ்டிக்மினைப் போலன்றி அது மூளைக்குள்ளும் நுழையும். புரோபோஃபாலால் நினைவிழந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோரை, மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைசோஸ்டிக்மின் விழிக்கச் செய்தது என்று 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. குமட்டலும் துடிப்புக் குறைவும் அதைப் புழக்கத்துக்கு வரவிடவில்லை.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கென் சால்ட், எமெரி பிரவுன் குழுவினர் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பக்கம் போனார்கள். கவனக்குறைவு நோய்க்காகக் குழந்தைகளுக்குத் தரப்படும் ரிட்டாலின் மாத்திரையின் உட்பொருளான மெத்தில்ஃபெனிடேட்டை, ஐசோஃபுளூரேன் வாயுவைத் தொடர்ந்து சுவாசித்துக்கொண்டிருந்த எலிகளுக்கு 2011இல் அவர்கள் செலுத்தினார்கள். மல்லாந்து கிடந்த எலிகள் புரண்டு எழுந்து நின்றன. வாயு நிற்கவில்லை, விழிப்பு மட்டும் வந்தது. அடுத்த ஆண்டு புரோபோஃபாலிலும் இதே பலனைக் காட்டினார்கள். பின்னர் மூளையில் டோபமின் சுரக்கும் ஒரு சிறு பகுதியை மட்டும் தூண்டியபோதும் எலிகள் எழுந்தன. விழிப்பு என்பது மருந்து வடிந்தபின் மிஞ்சும் நிலை என்ற பழைய எண்ணத்தை இந்தச் சோதனைகள் ஆட்டிவைத்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2008இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் கெல்ஸ் குழுவினரும் எலிகளில் இதே திசையைக் காட்டியிருந்தார்கள். ஓரெக்சின் என்ற விழிப்பு வேதிப்பொருள் வேலை செய்யாத எலிகள் மற்றவற்றைப் போலவே மயங்கின, ஆனால் தாமதமாக விழித்தன. மயங்கப் போகும் பாதையும் திரும்பி வரும் பாதையும் ஒன்றல்ல. இன்று ஓரெக்சின் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் பகல்தூக்க நோய்க்காக உருவாகிவருகின்றன, மயக்கம் தெளிவதிலும் அவை சோதிக்கப்படுகின்றன.

தமிழ் வாசகருக்கு மிகவும் பிடிக்கக்கூடியது காபி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆரன் ஃபாக்ஸ், செங் ஷியே குழுவினர் முதலில் எலிகளிலும், 2018இல் வெளியான ஆய்வில் மனிதர்களிலும் காஃபினைச் சோதித்தார்கள். ஆரோக்கியமான 8 ஆண்கள் ஒரு மணி நேரம் ஐசோஃபுளூரேன் மயக்கத்தில் வைக்கப்பட்டார்கள். வாயுவை நிறுத்துவதற்கு 10 நிமிடம் முன்பு ஒரு முறை காஃபின் ஊசியும் மற்றொரு முறை வெறும் உப்புக் கரைசலும் செலுத்தப்பட்டன. உப்புக் கரைசல் பெற்றபோது விழிக்கச் சராசரியாக 16.5 நிமிடம் ஆனது, காஃபின் பெற்றபோது 9.6 நிமிடம். ஒரு சராசரி ஆளுக்கு நான்கைந்து கப் காபியில் உள்ள அளவு காஃபின் அது. தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினைத் தடுப்பதோடு, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளின் அளவையும் காஃபின் கூட்டுகிறது. முடிவு கவர்ச்சியானது என்றாலும் அதன் எல்லையைக் கவனிக்க வேண்டும். 8 பேரும் இளம் ஆண்கள், யாருக்கும் அறுவை நடக்கவில்லை, யாருக்கும் வலி இல்லை. இதய நோயுள்ள 75 வயது முதியவரிடம் அந்த அளவு காஃபின் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

மருந்தை விட்டு நேரடியாக மின்சாரத்தைக் கையாள்பவர்களும் உண்டு. 2020இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மயக்கத்தில் இருந்த குரங்குகளின் மூளையில் தலாமஸ் என்ற நடுப்பகுதியின் ஒரு சிறு இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது அவை கண் திறந்தன, கையை நீட்டின. தூண்டல் நின்றதும் மறுபடி மயங்கின. இது அறுவை அரங்குக்கான வழி அல்ல. ஆனால் நெடுநாள் கோமாவில் கிடப்பவர்களைப் பற்றிய ஆய்வுக்கு இதன் பொருள் பெரிது.

இத்தனை முயற்சி எதற்கு, 10 நிமிடம் பொறுத்தால் எல்லோரும் எழுந்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். இளைஞர்களைப் பொறுத்தவரை அது சரிதான். முதியவர்கள் சிலர் மயக்கம் தெளிந்தபின் பல மணி நேரம், சில நாட்கள்கூட, எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் குழம்புகிறார்கள். குறட்டையோடு மூச்சு அடைபடும் நோயுள்ளவர்களுக்கு அரைத் தெளிவு நிலையே மிக ஆபத்தானது. விழிப்புச் சுற்றுகளைத் தூண்டும் மருந்து இவர்களுக்குப் பயன்படலாம். அதே நேரத்தில், வலி மருந்து போதாத உடம்பை அவசரமாக எழுப்புவது நோயாளிக்குச் செய்யும் நன்மை அல்ல. செவோஃபுளூரேன் பெற்ற சின்னக் குழந்தைகள் வேகமாக விழிக்கும்போது திமிறி, கத்தி, பெற்றோரைக்கூட அடையாளம் தெரியாமல் அழுவது அன்றாடக் காட்சி.

அதனால்தான் அறுவை முடிந்தும் ஒருவர் விழிக்காதபோது, மயக்க மருத்துவர் உடனே எழுப்பும் மருந்தைத் தேடுவதில்லை. தசைத் தளர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்று கருவியால் அளக்கிறார். கண்மணி சுருங்கி மூச்சு மெதுவாக இருந்தால் ஓப்பியாய்டு என்று ஊகித்து நாலாக்சோனைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார். மிடாசோலம் கொடுத்திருந்தால் ஃபுளூமசெனிலை யோசிக்கிறார். இவை எதுவும் இல்லையென்றால் உடல் குளிர்ந்துவிட்டதா, இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டதா, சோடியம் குறைந்துவிட்டதா, கார்பன் டைஆக்சைடு தேங்கிவிட்டதா என்று வரிசையாகப் பார்க்கிறார். கடைசியில் மூளையில் இரத்தக் கசிவோ அடைப்போ இருக்குமோ என்று ஸ்கேனுக்கு அனுப்புகிறார். தாமதத்தின் காரணம் தெரியாமல் ஒருவரை எழுப்புவது அந்தக் காரணத்தை மறைத்துவிடக்கூடும். பெரும்பாலான வேளைகளில் விடை இவ்வளவு தூரம் போகாது. மயக்க மருந்து இன்னும் கொஞ்சம் உடலில் இருக்கிறது, அவ்வளவுதான். மூச்சையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டு, நோயாளியைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருந்தால் சற்று நேரத்தில் அது தானாக விலகுகிறது.